உயிர் காக்கும் அறிவு ஊறு செய்யலாமா?

(கண்டி நகரில் தொழில் வல்லுநரும் விவசாயிகளும் ஒருங்கே கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



உங்களிற் பலருடைய வீட்டு அலுமாரியில், காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் பக்கத்தில், இன்னுமொரு கடதாசி பத்திரமாக இருக்கிறது. அதுதான் ஆயுட் காப்புறுதிப் பத்திரம். ஆசிரியரும் எழுதுவினைஞரும் மாதச் சம்பளத்திற் பிடித்துக் கட்டுகிறார்கள். மிளகும் கராம்பும் விற்ற பணத்தில் விவசாயி தவணை தவறாமற் கட்டுகிறான். தான் கண் மூடினால் தன் மனைவி மக்கள் தெருவில் நிற்கலாகாது என்ற ஒரே எண்ணந்தான் அந்தக் கட்டுப்பணத்தின் பின்னால் இருக்கிறது. அந்தக் கடதாசியின் எதிர்காலத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். மருத்துவ அறிவு வளர வளர அது உறுதி பெறுமா, அல்லது கிழிபடுமா என்பதே கேள்வி.

அறியாமை மீது எழுந்த கட்டடம்

காப்புறுதி என்பது என்ன? பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை என்று நம் கிராமத்துக் கிழவிகள் சொல்வார்களே, அதுதான் காப்புறுதியின் முழுத் தத்துவமும். எவன் எப்போது இறப்பான் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் ஒரே வயதினர் ஆயிரம் பேரை எடுத்துக் கொண்டால், அவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டைக் காணமாட்டார்கள் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லலாம். 1693ஆம் ஆண்டில் எட்மண்ட் ஹாலி என்ற வானியல் அறிஞர் பிரெஸ்லோ நகரத்தின் பிறப்பு இறப்புக் கணக்குகளைக் கொண்டு இத்தகைய அட்டவணை ஒன்றைத் தயாரித்தார். 1762இல் லண்டனில் தோன்றிய ஈக்குவிற்றபிள் சங்கம், வயதுக்கேற்பக் கட்டுப்பணம் விதிக்கும் முறையைத் தொடங்கி வைத்தது. இன்றுவரை உலகெங்கும் நடைபெறும் ஆயுட் காப்புறுதி அந்த அத்திவாரத்தின் மீதே நிற்கிறது.

அத்திவாரத்தைச் சற்று உற்று நோக்குங்கள். கூட்டத்தைப் பற்றிய அறிவும், தனி மனிதனைப் பற்றிய அறியாமையும் சேர்ந்ததே அது. நமது ஊர்ச் சீட்டுப் பிடிப்பை எண்ணிப் பாருங்கள். குலுக்கலில் யார் பெயர் விழும் என்பது தெரியாத வரையில் எல்லோரும் மகிழ்ச்சியோடு பணம் கட்டுவார்கள். அடுத்த மாதம் இன்னாருக்குத்தான் விழும் என்று ஒருவனுக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அந்தச் சீட்டு நிலைக்குமா? ஆயுட் காப்புறுதியை இன்று எதிர்நோக்கும் சோதனையும் இத்தகையதே.

திரை விலகுகிறது

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் பரம்பரை அலகுகளை, அதாவது இன்று எல்லோரும் மரபணு என்று சொல்லுகின்றவற்றை, வாசிக்கும் ஆற்றலை விஞ்ஞானம் பெற்றுவிட்டது. 1983இல் ஹண்டிங்டன் நோய்க்குரிய அடையாளம் பரம்பரைப் பொருளில் இருக்கும் இடம் கண்டறியப்பட்டது; 1993இல் அந்த மரபணுவே பிடிபட்டது. மார்புப் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு ஒன்று 1994இல் பிரித்தறியப்பட்டது. மனிதனுடைய பரம்பரைப் பொருள் முழுவதையும் வாசிக்கும் பெருமுயற்சி 2003இல் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது.

இந்த அறிவு ஒரே வகைப்பட்டதன்று. இதனை மூன்றாகப் பிரித்துக் காணாவிட்டால் மருத்துவமும் பிழைக்கும், நீதியும் பிழைக்கும்.

முதலாவது, ஏறக்குறைய நிச்சயமான அறிவு. ஹண்டிங்டன் நோய் நடுவயதில் மூளையைத் தாக்கும் கொடிய நோய். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. நோய் அரிதானது, ஆனால் பரிசோதனையின் விடை பெரும்பாலும் தீர்ப்பைப் போன்றது.

இரண்டாவது, வாய்ப்பைப் பற்றிய அறிவு. மார்புப் புற்றுநோய் மரபணுவில் மாற்றம் உள்ள பெண்ணுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பன்மடங்கு அதிகம். ஆயினும் வந்தே தீரும் என்பதில்லை. தனக்கு அந்த மாற்றம் உண்டென்று அறிந்தவள் காலாகாலத்தில் பரிசோதனை செய்து, ஆரம்பத்திலேயே சிகிச்சை பெற்று உயிர் பிழைக்கலாம். அறியாதவளே அதிக ஆபத்தில் இருக்கிறாள்.

மூன்றாவது வகைதான் நம் நாட்டுக்கு மிக நெருங்கியது. தனக்கு எந்தத் தீங்கும் இல்லாமல், ஒரு கூறினை வெறுமனே தாங்கி நிற்பவர்களைப் பற்றிய அறிவு அது.

நமது வாசலில் உள்ள நோய்

கண்டியிலிருந்து வடமேற்கே குருநாகலுக்குப் போனால் அங்கே தலசீமியா நோயாளருக்கென்று அமைந்த நிலையம் ஒன்றைக் காணலாம். மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக் கொண்டு, உடலிற் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் எடுத்துக் கொண்டு வாழும் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். சாந்திமாலா டி சில்வா அம்மையாரும், ஒக்ஸ்போட்டின் சேர் டேவிட் வெதராலும், அவர்களுடன் உழைத்தோரும் இந்நாட்டில் நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் லான்செற் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. எதிர்காலத்தில் எந்த வேளையிலும் 2,000க்கு மேற்பட்ட நோயாளருக்கு இந்நாடு சிகிச்சை அளிக்க வேண்டியிருக்கும் என்று அது கணித்தது.

இந்நோய் வரும் வழி இதுதான். தந்தையும் தாயும் இருவருமே அக்கூற்றைத் தாங்கியவர்களாக இருந்தால், ஒவ்வொரு பேறிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளை நோயோடு பிறப்பதற்கு உண்டு. ஒருவர் மட்டும் தாங்கியவராக இருந்தால் பிள்ளைக்கு இந்தக் கடும் நோய் வராது. தாங்கியவர் நோயாளர் அல்லர். சிறிதளவு இரத்தக் குறைவு தென்படலாம், அவ்வளவே. தோட்டத்தில் கொழுந்து பறிப்பார், வயலில் உழுவார், நீதிமன்றத்தில் வாதாடுவார், மற்றவர்களைப் போலவே முதுமை கண்டு மறைவார்.

இன்னுமொன்று சொல்வேன். இந்தக் கூறு ஏன் நம்மிடையே நிலைத்தது? மலேரியா பரவிய நாடுகளில் இதனைத் தாங்கியோர் அக்காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்ததனாலேயே இது தலைமுறை தலைமுறையாக நிலைத்தது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். 1934, 1935ஆம் ஆண்டுகளில் குருநாகல், கேகாலைப் பகுதிகளை வாட்டி, நாடெங்கும் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்ட மலேரியாவை நம் பாட்டன்மார் கண்டார்கள். 2016ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆகவே, நேற்று நம் முன்னோரின் உயிரைக் காத்த கவசத்தை இன்று ஒரு காப்புறுதி எழுதுவினைஞர் குறைபாடு என்று சிவப்பு மையால் கோடிடலாம். இரத்தத்திற்கு விலை போடுவதிலுள்ள அபத்தத்திற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

இப்படி நடக்குமா என்று ஐயுறுவோர் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 1970களின் தொடக்கத்தில் அங்கே கறுப்பின மக்களிடையே அரிவாளுருக் கல இரத்த நோய்க்கான பரிசோதனைகள் பெருவாரியாக நடத்தப்பட்டன. நோயாளருக்கும் வெறுமனே தாங்கியவருக்கும் உள்ள வேறுபாட்டை உணராமல், தாங்கியவர்களிடமும் சில காப்புறுதி நிறுவனங்கள் கூடுதற் கட்டுப்பணம் கேட்டன. விமானப் படைக் கல்லூரியும் அவர்களுக்குக் கதவடைத்தது. அத்தடை 1981 வரை நீங்கவில்லை. உதவி செய்யப் புறப்பட்ட பரிசோதனையே உபத்திரவமாக முடிந்தது.

நம் இளைஞரும் யுவதிகளும் திருமணத்திற்கு முன் தலசீமியாப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வேண்டுகிறார்கள். அது சரியான வேண்டுகோள். ஆனால் "அந்த விடை எழுதப்பட்ட கடதாசி நாளைக்கு யார் கையில் போகும்?" என்று ஒரு தாய் கேட்டால் நாம் என்ன மறுமொழி சொல்வோம்? சட்டம் மறுமொழி சொல்லாத இடத்தில் அச்சம் மறுமொழி சொல்லும். அச்சத்தினால் ஒருவர் பரிசோதனையைத் தவிர்த்தால் அதன் விலையை ஒரு குழந்தை தன் வாழ்நாளெல்லாம் செலுத்தும்.

விண்ணப்பப் படிவம் கேட்கும் கேள்வி

மரபணு என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே காப்புறுதிக்காரர் பரம்பரையை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். தந்தை உயிரோடிருக்கிறாரா, இறந்திருந்தால் எந்த வயதில், என்ன நோயால் என்று விண்ணப்பப் படிவங்கள் கேட்கும். இது எளிய கேள்வி போலத் தோன்றும். கலஹாவிலோ புசல்லாவையிலோ ஒரு லயத்திலே வளர்ந்த மகனுக்கு இது எளிய கேள்வியா?

1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேரை இங்கே வைத்துக் கொள்ளவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசவும் தீர்மானித்தது. ஒரே குடும்பம் இரு கரையிலும் பிரிந்தது. அக்கரை போன பெரியப்பன் எங்கே இறந்தான், எந்த நோயில் இறந்தான் என்பதை இக்கரையில் உள்ளவன் எப்படி அறிவான்? அவன் "தெரியாது" என்று எழுதினால் ஐயம்; "நோயில்லை" என்று எழுதினால் பின்னொரு நாள் பொய் என்ற பழி. வரலாறு ஒரு சமூகத்தினரிடமிருந்து பறித்த குடும்பப் பதிவை, காப்புறுதிப் படிவம் அவர்களிடமே திருப்பிக் கேட்கிறது!

மேலும், படிவத்தை நிரப்புவது யார்? பெரும்பாலும் முகவர். விண்ணப்பக்காரர் கையெழுத்து மட்டும் வைக்கிறார். சில வேளைகளில் தான் வாசித்தறியாத மொழியிலுள்ள படிவத்தில். முகவர் தானே நிரப்பியதற்கு நிறுவனந்தான் பொறுப்பு என்று நீங்கள் எண்ணலாம். 1929இல் ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் நியூஸ்ஹோம் சகோதரர் வழக்கில், படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் வேலையில் முகவர் விண்ணப்பக்காரருடைய ஆளே என்று தீர்த்தது. நீங்கள் வாய்மொழியாகச் சொன்ன உண்மையை அவர் எழுதாமல் விட்டாலும், கையெழுத்திட்ட உங்கள் தலையிலேயே அது விழக்கூடும்.

சட்டத்தின் நிலை

இங்கே சட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காப்புறுதி ஒப்பந்தம் அதியுயர் நன்னம்பிக்கையைக் கோரும் ஒப்பந்தம் என்று 1766ஆம் ஆண்டில் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். விண்ணப்பக்காரர் தமக்குத் தெரிந்த முக்கியமான உண்மைகளைக் கேளாமலே சொல்ல வேண்டும் என்பது அதிலிருந்து வளர்ந்த விதி. எது முக்கியமான உண்மை? விவேகமுள்ள காப்புறுதிக்காரர் ஒருவர் எதனைப் பொருட்படுத்துவாரோ அதுவே முக்கியம் என்றது பழைய ஆங்கிலச் சட்டம். அதாவது, கொழும்பிலே மேசைக்குப் பின்னால் இருப்பவர் மனத்தில் ஓடுவதை, மாரஸ்ஸனையில் மரக்கறி பயிரிடுபவர் ஊகித்தறிய வேண்டும்!

இந்த ஆங்கிலச் சட்டம் இங்கே எப்படி வந்தது? 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்ட ஓடினன்சின் 3ஆம் பிரிவினால் வந்தது. ஆயுட் காப்புறுதி, தீக் காப்புறுதி விடயங்களில், இந்நாட்டுச் சட்டம் வேறுவிதமாக விதிக்காத வரை, அதே காலத்தில் இங்கிலாந்தில் நிலவும் சட்டமே பின்பற்றப்படும் என்று அது கூறுகிறது. "அதே காலத்தில்" என்ற சொற்களைக் கவனியுங்கள். இங்கிலாந்தோ 2012ஆம் ஆண்டில் புதுச் சட்டம் இயற்றி, சாதாரண நுகர்வோர் எல்லாவற்றையும் தாமாகவே வெளியிட வேண்டும் என்ற கடமையை நீக்கிவிட்டது. இன்று அங்கே காப்புறுதிக்காரர் தெளிவாகக் கேட்க வேண்டும்; விண்ணப்பக்காரர் நியாயமான கவனத்தோடு விடையளித்தாற் போதும். அந்தச் சீர்திருத்தமும் 1852ஆம் ஆண்டின் வாசல் வழியாக நம் நாட்டுக்குள் வந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு என்பது என் கருத்து. ஆனால் கணவனை இழந்து நிற்கும் ஒரு பெண், 1852ஆம் ஆண்டு ஓடினன்சின் பொருளை நிலைநாட்டி, மேன்முறையீடு வரை சென்றுதான் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டுமென்றால், அது சட்டமாகாது, சூதாட்டமாகும். நாடாளுமன்றம் வெளிப்படையாகவே எழுதி வைக்க வேண்டும்.

அரசியலமைப்பு நம்மைக் காக்காதா என்று கேட்பீர்கள். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது 12ஆம் உறுப்புரை. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு, ஆட்சித்துறை, நிருவாகத்துறைச் செயலுக்கு எதிராகவே உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்படலாம். 1962 முதல் ஆயுட் காப்புறுதி அரச கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமாக இருந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் பின் தனியார் நிறுவனங்களுக்கு வழி திறந்தது. தனியார் நிறுவனம் ஒன்று உங்கள் பரம்பரையைக் காட்டிக் கதவடைத்தால் 12ஆம் உறுப்புரையை நேரே கொண்டுபோய் அதன் முன் நீட்ட முடியாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மரபணுத் தரவையும் உடல்நலத் தரவையும் விசேட வகைத் தரவாகப் பிரித்து வைத்தது. இது நல்ல தொடக்கம். ஆனால் அச்சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் காலம் பின்தள்ளப்பட்டது. அன்றியும், தரவைக் காப்பது வேறு, அதனைக் கொண்டு பாகுபாடு செய்வதைத் தடுப்பது வேறு. படிவத்தின் அடியிலே சம்மதம் என்று கையெழுத்திட்டுவிட்ட மனிதனைத் தரவுச் சட்டம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

எதிர்த்தரப்பின் நியாயம்

எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்லலாகாது. காப்புறுதிக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தனக்குக் கொடிய நோய் வரப்போவதைப் பரிசோதனை மூலம் அறிந்த ஒருவர், அதனை மறைத்துப் பெருந்தொகைக்குப் பத்திரம் எடுக்கலாம். அப்படிப் பலர் செய்தால் நிதியம் வற்றும்; கட்டுப்பணம் உயரும்; உடல் நலமுள்ளோர் விலகுவர்; மேலும் உயரும். முடிவில் நேர்மையாகக் கட்டி வந்த ஏழை விவசாயியின் பணத்திலேயே அந்தப் பெருந்தொகை கொடுக்கப்படும். சீட்டிலே குலுக்கலின் முடிவை அறிந்தவனை அனுமதிக்க முடியாது என்று நானே முன்னர் சொன்னேன். ஆகவே எதையுமே கேட்கக் கூடாது என்று கண்ணை மூடிக் கொண்டு கோஷமிடுவது பொறுப்பாகாது.

பிற நாடுகள் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தன? இங்கிலாந்தில் அரசும் காப்புறுதியாளர் சங்கமும் 2018இல் ஒரு கோவையை ஏற்படுத்தின. 5 இலட்சம் பவுணுக்கு உட்பட்ட ஆயுட் காப்புறுதிக்கு, எதிர்கால நோயை முன்னறிவிக்கும் மரபணுப் பரிசோதனை எதன் முடிவையும் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கும் ஹண்டிங்டன் நோய் ஒன்றின் முடிவை மட்டுமே கேட்கலாம். கனடா 2017இல் சட்டத்தினால் முற்றாகத் தடுத்தது. அச்சட்டம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்த்தது. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்புறுதியையும் வேலைவாய்ப்பையும் மட்டுமே காத்து, ஆயுட் காப்புறுதியை விட்டுவிட்டது. அந்த ஓட்டையைப் புளோரிடா மாநிலம் 2020இல் தன் எல்லைக்குள் அடைத்தது. அவுஸ்திரேலிய அரசு 2024 செப்டெம்பரில் தடை கொண்டு வருவதாக அறிவித்தது. தடை விதித்ததனால் இங்கிலாந்திலோ கனடாவிலோ ஆயுட் காப்புறுதித் தொழில் மூடிப் போய்விடவில்லை.

அண்டை நாடான இந்தியாவைப் பாருங்கள். வெள்ளையர் நிறுவனங்கள் இந்தியரின் உயிருக்குக் கூடுதற் கட்டுப்பணம் கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1870இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கம், இந்தியரையும் சாதாரண வீதத்திலேயே ஏற்றுக் கொண்டது. பிறப்பைக் காட்டி விலை கூட்டுவது கணக்கியலின் கட்டளை என்று அன்றும் சொன்னார்கள். அது கணக்கியலன்று, வழக்கமே என்பதை அச்சங்கம் காட்டியது. 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம், அரச ஊழியருக்கும் பெரிய கம்பனிகளின் சம்பளக்காரருக்கும் மட்டும் ஒரு மலிவான ஆயுட் காப்புறுதித் திட்டத்தை ஒதுக்கி வைத்தது செல்லாது என்று தீர்த்தது. மாதச் சம்பளம் இல்லாத விவசாயியின் உயிரும் உயிர்தானே! 2018 பெப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் பிரதிபா சிங், மருத்துவக் காப்புறுதியில் பரம்பரை நோய்கள் அனைத்தையும் ஒரே சொல்லால் விலக்கும் வாசகம் பாகுபாடானது என்றார். தீர்ப்பின் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் பின்னர் இடைநிறுத்தியது உண்மைதான். ஆயினும் அந்நாட்டுக் காப்புறுதி ஒழுங்குமுறை அதிகாரசபை 2018 மார்ச்சிலேயே அத்தகைய விலக்கை எழுதலாகாது என்று நிறுவனங்களைப் பணித்தது.

நம் நாட்டிலேயே வழிகாட்டிகள் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழுள்ள ஊழியர் நம்பிக்கை நிதியம், பணிபுரியும் அங்கத்தவர் இறந்தால் குடும்பத்துக்கு நன்மை அளிக்கிறது. அரச ஊழியருக்கு அக்ரஹாரக் காப்புறுதி உண்டு. இவற்றிற் சேருவதற்கு எவரும் எவருடைய இரத்தத்தையும் பரிசோதிப்பதில்லை. எல்லோரும் சேருவதனால் எவரையும் சலித்தெடுக்க வேண்டிய தேவை எழவில்லை. பல்குச்சியும் தலைச்சுமையும் என்ற தத்துவம் இங்கே பழுதுபடாமல் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் பெயரில்லாத சிறு விவசாயிதான் வெளியே நிற்கிறான். 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் விவசாயிகளுக்கென ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அமைத்தது. அத்தகைய திட்டம் வலுப்பெற்றால், மரபணுவைப் பற்றிய கேள்வியே அவன் வீட்டு வாசலை மிதிக்காது.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, நமது கோரிக்கைகளை வகுத்துச் சொல்கிறேன்.

ஒன்று: பாராளுமன்றம் நிர்ணயிக்கும் ஒரு தொகைக்கு உட்பட்ட ஆயுட் காப்புறுதிக்கு, நோய் அறிகுறி எதுவுமில்லாத ஒருவருடைய மரபணுப் பரிசோதனை முடிவை நிறுவனம் கேட்கவும் கூடாது, வேறு வழியில் அறிந்தாலும் பயன்படுத்தவும் கூடாது. ஒரு குடும்பத்தின் வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் கல்வியையும் காக்கப் போதுமானதாக அத்தொகை அமைய வேண்டும். அதற்கு மேற்பட்ட தொகை கேட்போரிடம் எதைக் கேட்கலாம் என்பதைச் சட்டமே பட்டியலிடட்டும்.

இரண்டு: தலசீமியா போன்ற கூறுகளை வெறுமனே தாங்குவோர், எத்தொகைக்காயினும், நோயாளராகக் கணிக்கப்படலாகாது.

மூன்று: கேளாததைச் சொல்லவில்லை என்று கோரிக்கையை நிராகரிக்கும் உரிமை ஒழிய வேண்டும். இந்தியாவில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், மூன்று ஆண்டுகள் கடந்த ஆயுட் காப்புறுதிப் பத்திரத்தை எக்காரணத்தைக் கொண்டும் கேள்விக்குட்படுத்த முடியாது. அத்தகைய தெளிவான எல்லை ஒவ்வொரு பத்திரத்திலும் எழுதப்பட வேண்டும்.

நான்கு: படிவமும் பத்திரமும் விண்ணப்பக்காரரின் மொழியில் இருக்க வேண்டும், முகவர் நிரப்பிய விடைக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி. உயிரைப் பற்றிய ஒப்பந்தத்தை ஒருவன் தன் மொழியில் வாசிக்க முடியாவிட்டால், அந்த அந்தஸ்து ஏட்டுச் சுரைக்காயே.

ஐந்து: குடும்பத்தின் நோய் வரலாற்றை அறியாதவர் "அறியேன்" என்று எழுதினால், அது அவருக்கெதிராகக் கொள்ளப்படலாகாது.

இவற்றிற் சிலவற்றைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழு தன் பணிப்புரைகளாலேயே தொடங்கி வைக்கலாம். மற்றவற்றுக்குச் சட்டம் வேண்டும். மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் சேர்ந்து வரைவொன்றைத் தயாரிக்க வேண்டும். விவசாய சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அதற்குக் கையொப்பம் திரட்ட வேண்டும். இதிலே தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்ற பேதமில்லை. தலசீமியா நிலையத்தின் வாங்கில் எல்லாத் தாய்மாரும் பக்கத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதுவரையில்

சட்டம் வரும்வரை என் ஆலோசனை இது. பொய் எழுதாதீர்கள். கேட்ட கேள்விக்கு உண்மையான விடை எழுதுங்கள். ஒரு பொய் இருபது வருடக் கட்டுப்பணத்தையும் விழுங்கிவிடும். முகவர் நிரப்பிய படிவத்தை வாசிப்பித்துக் கேட்ட பின்பே கையெழுத்திடுங்கள். அதன் பிரதியைக் கேட்டு வாங்கி, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். தாங்கியவர் என்று எழுத நேர்ந்தால், நோயில்லை என்ற மருத்துவரின் கடிதத்தையும் உடன் இணையுங்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், நிறுவனத்தின் கடிதத்தோடு விடயம் முடிந்துவிட்டது என்று வீடு திரும்பாதீர்கள். காப்புறுதிக் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார், நீதிமன்றமும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, காப்புறுதிக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். பத்திரம் போனால் இன்னொன்று தேடலாம். பிறக்கப் போகும் பிள்ளையின் உடலை இன்னொன்று தேட முடியாது. பரிசோதனைக்குப் போகும் இளைஞன் எதை இழப்பேனோ என்று அஞ்சாமற் போகும் நிலையை உண்டாக்குவது அவனுடைய கடமையன்று. வாக்குரிமையும் சட்ட அறிவும் உள்ள நம்முடைய கடமை. அந்த வரைவுக்கான முதற் கூட்டத்தை இந்தக் கண்டி மாநகரிலேயே கூட்டுவோம். வருவதற்கு ஆயத்தமாக உள்ள மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் விவசாயப் பிரதிநிதிகளும் இன்று கலையும் முன் தங்கள் பெயரைத் தந்து செல்லுமாறு வேண்டி, அமர்கிறேன்.